பட்டியலில் யாருக்குப் பின் யார்?

கம்ப்யூட்டர் விஷயம் என்று தெரிந்ததும் ஓடிவிடாதீர்கள். நம் வயதுக்காரர்கள் தினமும் படும் ஒரு சின்ன அவஸ்தையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பட்டியலில் உள்ள ஒரு வரியை மவுஸால் பிடித்து இழுத்து, வேறோர் இடத்தில் விடுவது. (வரி என்றதும் வருமான வரி என்று பதறவேண்டாம். அட்டவணையில் குறுக்காக ஓடும் வரி.)

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் எழுதும் எந்த மென்பொருளும் வரிகளை நம் இஷ்டப்படி மாற்றி அடுக்க இடம் கொடுக்கவேண்டும். இழுத்து விடும் வசதி இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது ஒன்றே வழி என்று வைப்பது தப்பு.

அகரவரிசை, தேதிவரிசை என்று கம்ப்யூட்டரே ஒரு நொடியில் அடுக்கித் தருகிறதே, கையால் எதற்கு அடுக்கவேண்டும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். அவர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனதில்லை என்று அர்த்தம். பத்திரிகை கொடுக்கவேண்டியவர்கள் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குலதெய்வம், பிறகு தாய்மாமன், பிறகு பெரியப்பா வீடு. அதற்குப் பின்னால் ஒரே தெருவில் இருப்பவர்களை ஒன்றாகப் போட்டால் ஆட்டோ செலவு மிச்சம். இந்த வரிசைக்கு எந்த விதியும் இல்லை. அது வீட்டுப் பெரியவர்களின் தலைக்குள் இருக்கிறது. அகரவரிசையில் அடுக்கினால் தாய்மாமன் நாற்பதாவது இடத்துக்குப் போவார். கல்யாணத்துக்கு அவர் வருவாரா?

போதாக்குறைக்கு நம் பெயர்களின் முன்னால் இனிஷியல். 'ஆர். கிருஷ்ணமூர்த்தி'யும் 'வி. கிருஷ்ணமூர்த்தி'யும் பட்டியலின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்துகொள்வார்கள். தமிழில் தட்டினால் இன்னொரு கூத்து. யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் 'ந'வுக்கு அடுத்த இடத்தில் 'ன' வந்து நிற்கும். அரிச்சுவடியில் அது கடைசி மெய். 'ஜ'வோ 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். ஆகவே தானாக அடுக்குவது ஒரு ஆரம்பம்தான். அதற்குமேல் மனுஷன் கை வைத்தே ஆகவேண்டும்.

கையால் அடுக்குவது நமக்குப் புதிதும் இல்லை. நூலக அட்டைகள் நினைவிருக்கிறதா? நீளமான மர இழுப்பறை, அட்டைகளின் அடியில் ஓட்டை, அதற்குள் ஒரு கம்பி. கம்பியை உருவி, அட்டையை எடுத்து, சரியான இடத்தில் செருகி, மறுபடி கம்பியைக் கோத்துவிடுவார்கள். ஆபீஸ் ஃபைலில் டேக்கை அவிழ்த்து, காகிதத்தை எடுத்து, முன்னால் வைத்துக் கட்டினோம். பேரேட்டில் மட்டும் அது முடியாது. எழுதிய வரி எழுதிய இடத்தில்தான். விட்டுப்போனதை இரண்டு வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் நுழைத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடவேண்டும்.

பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. துளையிட்ட அட்டைகளில் புரோகிராம் எழுதிய காலத்தில் கட்டு கீழே விழுந்து சிதறினால் கதை முடிந்தது. அதற்காகவே ஃபோர்ட்ரான் அட்டையில் 73 முதல் 80 வரையிலான இடங்களை வரிசை எண்ணுக்கு ஒதுக்கியிருந்தார்கள். புத்திசாலிகள் கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் குறுக்காக ஒரு கோடும் இழுத்துவைப்பார்கள். கோடு உடைந்திருந்தால் ஏதோ ஒரு அட்டை இடம் மாறியிருக்கிறது என்று பார்த்ததும் தெரியும். பிறகு பேசிக் மொழியில் வரிகளுக்கு 10, 20, 30 என்று எண் கொடுத்தோம். நடுவில் ஒன்று தேவைப்பட்டால் 15. இன்றைக்கும் பல மென்பொருள்கள் நாம் இழுத்து வைத்த வரிசையை உள்ளுக்குள் இப்படி ஏதாவது ஒரு எண்ணாகத்தான் எழுதிவைத்துக்கொள்கின்றன.

இந்தப் பின்னணியில் பார்த்தால் வரியை மவுஸால் பிடித்து இழுப்பது பெரிய வரப்பிரசாதம். அட்டையை எடுத்துச் செருகுவது போலவே இருக்கிறது. கண்ணெதிரே வரி நகர்கிறது, மற்றவை ஒதுங்கி இடம் விடுகின்றன. பாட்டுப் பட்டியலில் ஒரு பாட்டை மேலே இழுத்துப் போடும்போது ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

இந்த வசதி இல்லாத இடங்களில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் பாருங்கள். விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளைப் பெயர்படி, தேதிப்படி, அளவுப்படி அடுக்கலாம். என் இஷ்டப்படி அடுக்க முடியாது. அதனால் எல்லாரும் பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டுக்கொள்கிறோம். பேத்தியின் அரங்கேற்றப் படங்களை வரிசையாக வைக்க நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். நடுவில் ஒரு படத்தைச் செருகவேண்டுமானால் 02ஏ. பேசிக் காலத்துக்கே திரும்பிவிட்டோம்.

சரி, குறைக்கு வருகிறேன். இழுப்பது ஒரே செயல் போலத் தெரிகிறது. உண்மையில் நான்கு. பட்டனை அழுத்தவேண்டும், அழுத்தியபடியே இருக்கவேண்டும், அழுத்தம் விடாமல் கையை நகர்த்தவேண்டும், சரியான இடத்தில் விடவேண்டும். முப்பது வயதுக் கைக்கு இது ஒன்றுமே இல்லை. எழுபதைத் தாண்டிய கையில் கட்டைவிரல் மூட்டு வலி இருக்கும், நடுக்கம் இருக்கும். பாதி வழியில் விரல் ஒரு கணம் தளர்ந்தால் போதும், வரி அங்கேயே விழுந்துவிடும்.

பத்து வரிப் பட்டியலில் சமாளித்துவிடலாம். முந்நூறு வரிப் பட்டியலில் 280ஆம் வரியை 5ஆம் இடத்துக்குக் கொண்டுபோக முயன்று பாருங்கள். வரியைப் பிடித்துக்கொண்டு திரையின் மேல்விளிம்பில் காத்திருக்கவேண்டும். பட்டியல் முதலில் நத்தை மாதிரி நகரும், பிறகு திடீரென்று ராக்கெட் மாதிரி பறக்கும். ஐந்தைத் தாண்டி ஒன்றுக்குப் போய் நிற்கும். இதில் சில மென்பொருள்கள் வரி எங்கே விழப்போகிறது என்பதைக் காட்டும் கோட்டைக்கூடப் போடுவதில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவிலா, ஒரு வரியின் தலைமேலா என்பது விட்ட பிறகுதான் தெரியும்.

இதனால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே 48 வீடுகள், கூரை போட்ட கார் நிறுத்தம் 31தான். மீதிப்பேர் காத்திருப்போர் பட்டியலில். முன்பு இது ஒரு நோட்டில் இருந்தது. யாராவது உடம்பு முடியாதவர் என்றால் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டு அவரை மேலே ஏற்றும். இரண்டு வருஷம் முன்பு சங்கக் கணக்குக்கு ஒரு மென்பொருள் வாங்கினோம். காத்திருப்போர் பட்டியலும் அதற்குள் போனது. வரிசையை மாற்ற ஒரே வழி, வரியை இழுத்து விடுவது. விட்ட மறுகணம் தானாகவே பதிவாகிவிடும். 'மாற்றட்டுமா?' என்ற கேள்வி கிடையாது. பழையபடி திருப்ப வழி கிடையாது. யார் எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பும் கிடையாது.

பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 76. ஹெச்.எம். சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சங்கப் பணத்தில் ஒரு ரூபாய் கூடுதல் குறைவு வந்தால் அன்றிரவு தூங்கமாட்டார். கொஞ்ச நாளாக அவருக்கு வலது கையில் நடுக்கம். தீர்மானப்படி ஒரு பெயரை மேலே இழுத்திருக்கிறார். அது சரியாகத்தான் போயிருக்கிறது. அதற்குப் பிறகு எப்போதோ பட்டியலைப் பார்க்கச் சொடுக்கியபோது, மூன்றாவதாக இருந்தவர் கையோடு நழுவி ஒன்பதாம் இடத்துக்குப் போய்விட்டார். சொடுக்குவதற்கும் இழுப்பதற்கும் நடுவே நூலிழை வித்தியாசம்தான். நடுங்கும் கைக்கு அதுவும் இல்லை.

பொதுக்குழுவில் அந்த மூன்றாம் ஆள் எழுந்து நின்று, "காசு வாங்கிட்டு என்னைக் கீழே தள்ளிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டார். முப்பது பேர் எதிரில். ஹெச்.எம். சார் பதில் பேசவில்லை. பழைய நோட்டைக் கொண்டுவந்து பார்த்து வரிசையைச் சரிசெய்தோம், கேட்டவரும் மன்னிப்புக் கேட்டார். இருந்தாலும் மறுநாள் காலை சாவியும் காசோலைப் புத்தகமும் ராஜினாமாக் கடிதமும் செயலாளர் வீட்டு மேஜையில் இருந்தன. பதினோரு வருஷம் ஒரு பைசா சம்பளம் இல்லாமல் பார்த்த வேலை.

மென்பொருள் கொடுத்த கம்பெனிக்கு நான் போன் செய்தேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "ட்ராக் பண்ணினா போதும் சார், ரொம்ப ஈஸி" என்றான். "தம்பி, உங்க தாத்தாவை உட்கார வச்சு ஒரு தடவை இழுக்கச் சொல்லிப் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இத்தனைக்கும் மாற்று வழி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 1981-லேயே ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' என்ற கம்ப்யூட்டரை விற்றது. மவுஸ், ஐகான், ஜன்னல் எல்லாம் அதில் இருந்தன. அதன் கீபோர்டில் 'மூவ்' என்றே ஒரு பட்டன். பொருளைத் தேர்ந்தெடு, மூவ் பட்டனைத் தட்டு, எங்கே போகவேண்டும் என்று காட்டு. அவ்வளவுதான். நடுவில் கை எதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காபி குடித்துவிட்டு வந்துகூட இடத்தைக் காட்டலாம்.

2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற வழிகாட்டி நெறிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. இழுத்துச் செய்யும் வேலையை இழுக்காமல், வெறும் சொடுக்குகளாலும் செய்ய வழி இருக்கவேண்டும் என்கிறது. (இழுப்பது இல்லாமல் முடியவே முடியாது என்கிற வேலைகளுக்கு விலக்கு உண்டு.) வலைப்பக்கங்களுக்காக எழுதியதுதான். மேஜைக் கம்ப்யூட்டரில் உட்காரும் கையும் அதே கைதானே.

நான் கேட்பது இவ்வளவே. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் மேலே, கீழே என்று இரண்டு அம்புக்குறி. தூரமாகப் போகவேண்டிய வரிக்கு 'எத்தனையாவது இடம்?' என்று எண் கேட்கும் ஒரு கட்டம். தப்பாக விழுந்தால் கன்ட்ரோல்-இசட். வரியை இழுக்க அதன் ஓரத்தில் தனியாக ஒரு பிடி இருக்கட்டும், வரியின் எந்த இடத்தைத் தொட்டாலும் கிளம்பிவிடக் கூடாது. வரிசை மாறினால் நாலு பேருடைய நியாயம் மாறும் என்கிற பட்டியலில், யார் எப்போது மாற்றினார் என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். பேரேட்டில் போட்ட அந்தச் சுருக்கொப்பம்தான் இது.

'அப்படியானால் இழுப்பதையே எடுத்துவிடலாமே' என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. முடிகிறவர்கள் இழுக்கட்டும். மாடிப்படி இருக்கிறது என்பதற்காக லிஃப்ட் வேண்டாம் என்போமா, லிஃப்ட் வந்துவிட்டது என்று மாடிப்படியை இடிப்போமா?

அதுவரை நமக்குக் கைகொடுக்கும் சில வழிகளைச் சொல்கிறேன். வேர்டில் அட்டவணை போட்டிருந்தால், நகர்த்தவேண்டிய வரியில் கர்சரை வைத்து ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்பைத் தட்டுங்கள். முழு வரியும் ஒரு படி மேலே ஏறும். கீழ் அம்பு தட்டினால் இறங்கும். இது தெரியாமல் வருஷக்கணக்கில் கட், பேஸ்ட் செய்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

எக்ஸெல்லில் விஷயம் வேறு. இடதுகோடியில் உள்ள எண்ணைச் சொடுக்கி வரியைத் தேர்ந்தெடுத்து, விளிம்பைப் பிடித்துச் சும்மா இழுத்தால், விழும் இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு உட்காரப் பார்க்கும். 'ஏற்கனவே இங்கே தகவல் இருக்கிறது, மாற்றவா?' என்று அது கேட்கும்போது அவசரப்பட்டு ஓகே கொடுத்துவிடாதீர்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் இரண்டு வரிகளுக்கு நடுவே ஒழுங்காகச் செருகும். மவுஸை முதலில் விட்டு, ஷிஃப்டைப் பிறகு விடவேண்டும். இழுக்கவே வேண்டாம் என்றால் வரியை கட் செய்து, போகவேண்டிய இடத்தில் ரைட் கிளிக் செய்து 'இன்சர்ட் கட் செல்ஸ்' கொடுங்கள். கிட்டத்தட்ட ஜெராக்ஸ் ஸ்டார் முறைதான்.

விண்டோஸில் கன்ட்ரோல் பேனலில் மவுஸ் என்ற பகுதிக்குள் 'கிளிக்லாக்' என்று ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டால் பட்டனை ஒரு கணம் அழுத்தி விட்டாலே பிடித்த பிடி அப்படியே நிற்கும். நிதானமாக நகர்த்தி, சேரவேண்டிய இடத்தில் மறுபடி ஒரு சொடுக்கு. மூட்டு வலிக்காரர்களுக்கு நல்ல வசதி. பாதி இழுக்கும்போது சந்தேகம் வந்தால் எஸ்கேப் பட்டனைத் தட்டுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் வரி பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

எங்கள் கம்பெனிப் பையன் போன வாரம் அவனாகவே கூப்பிட்டான். அம்புக்குறிகள் அடுத்த பதிப்பில் வருகின்றனவாம். மாற்றக் குறிப்பைப் பற்றிக் கேட்டதற்கு, "மேலே கேட்டுச் சொல்றேன் சார்" என்றான். ஹெச்.எம். சாரிடம் போய்ச் சொன்னேன். "வரட்டும், பார்க்கலாம்" என்றார். அதுவரைக்கும் காத்திருப்போர் பட்டியலைப் பழைய நோட்டிலேயே எழுதிவருகிறோம்.