பெட்டிக்கு முன் கோப்பு

வெளிநாடு செல்லும் ஆய்வாளருக்கு மூத்தோர் கூறும் அறிவுரை பெட்டியில் தொடங்கிப் பெட்டியிலேயே முடிகிறது: 23 கிலோவைத் தாண்டாதே, கம்பளி ஆடையை மறவாதே, கருத்தரங்கு முடிந்தபின் ஊர் சுற்ற நல்ல காலணி எடுத்துக்கொள். இடுக்கித் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த நான் முதலில் அடுக்க வேண்டியிருந்தது ஆடைகளை அல்ல, ஆவணங்களை.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும்; அதைப் பணம் கட்டி வாங்கிவிடலாம். நாடு திரும்புவேன் என்பதற்கும் சான்று வேண்டும். "வீட்டுப் பத்திரத்தை வை" என்றனர் நண்பர்கள். எந்த வீட்டுக்கு? லயம் தோட்டத்துக்குரியது, பணி ஓய்வு பெற்றால் காலிசெய்தாக வேண்டும். 1877இல் பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் மலைகளை மன்றோ துரைக்கு எழுதிக் கொடுத்தார். துரைக்குப் பத்திரம் கிடைத்தது. தேயிலை நட்டவரின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் இல்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்களோடு புதையுண்ட 70 பேரும் இந்த வரலாற்றைச் சேர்ந்தவர்களே.

விசா விதியைப் பழிப்பது எளிது. ஆனால் அவ்விதி சொத்தை மட்டுமே கேட்கவில்லை. பணி, குடும்பம், தொழில்நிலை ஆகியவற்றையும் சான்றாக ஏற்கிறது. அச்சான்றைத் தர வேண்டிய நம் கல்வி நிறுவனங்களோ ஒற்றைவரிச் சான்றிதழோடு கைகழுவுகின்றன. ஆய்வுப் பதிவு, உதவித்தொகை, திரும்ப வேண்டிய நாள், எஞ்சியுள்ள பணி ஆகிய அனைத்தையும் கூறும் கடிதத்தை மாணவர் கெஞ்சிப் பெறும் சலுகையாக வைத்திருப்பது, நிலமுள்ளோர் மட்டுமே ஆய்வாளராகலாம் என்று அறிவிப்பதற்கு ஒப்பாகும்.

பேராசிரியர்களே, பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்லுங்கள். முதலில் அக்கடிதத்தில் கையொப்பமிடுங்கள்.