போன் விழுந்தது ஏன்? ஒரு டோக்கன் கதை

“தம்பியின் போன் தானாக அணைந்து அணைந்து எழுகிறது. அப்டேட் வந்தால் டேட்டா தீர்ந்துவிடும் என்று தள்ளிப்போடுகிறான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?” என்று மீஞ்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தம்பி பழவேற்காட்டில் மீன் பிடிப்பவராம்.

பேட்டரி தளர்ந்தாலும், சூடேறினாலும் போன் இப்படிச் செய்யும். முதலில் அதைப் பாருங்கள். ஆனால் சில சமயம் கோளாறு இன்னும் அடியில் இருக்கும்.

ஆண்ட்ராய்டு போனுக்குள் லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது. ஓர் ஆப் ஃபைலைத் திறந்தாலும் இணையத்தோடு பேசினாலும், கெர்னல் அதற்கு ஓர் எண் கொடுக்கும். டோக்கன் மாதிரி. இதன் பெயர்தான் ஃபைல் டிஸ்கிரிப்டர். ஆப் தப்பு செய்தால் பெரும்பாலும் அந்த ஆப் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னல் தப்பு செய்தால் போனே விழும்.

2017 நவம்பரில் கூகுளின் சிஸ்பாட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி அப்படி ஒரு தப்பைப் பிடித்தது. ஆப்கள் ஒன்றோடொன்று பேச ‘பைண்டர்’ என்ற தூதர் இருக்கிறார். டோக்கனில் செய்தி வருகிறதா என்று பார்க்க ‘ஈபோல்’ என்ற காவலாளி. காவலாளி தன் பெயரைத் தூதரின் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். வேலை முடிந்ததும் தூதர் குறிப்பேட்டை அழித்து இடத்தைக் காலி செய்துவிடுகிறார். காவலாளிக்குத் தகவல் இல்லை! பிறகு தன் பெயரை அடிக்கப் போகிறார். அந்த இடம் அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கலாம்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஏரியில் பாடு முறைப்படி இன்று ஒருவர் வலை வைக்கும் இடம் அடுத்த முறை இன்னொருவருடையது. முறை மாறியது தெரியாமல் பழைய ஆள் வந்து வலையில் கை வைத்தால் சும்மா இருப்பார்களா?

இந்தத் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தப்பு நடப்பது ஓரிடம், போன் விழுவது வேறிடம். அதனால் சோதனையின்போது ‘கேசான்’ என்ற கருவியைக் கெர்னலுக்குள் வைப்பார்கள். காலியான இடத்தை உடனே மறுபடி கொடுக்காமல் கொஞ்ச நேரம் முத்திரை போட்டு வைக்கும். யாராவது தொட்டால் மூன்று விவரங்களையும் எழுதிவிடும்: இடத்தை வாங்கியது யார், விட்டது யார், இப்போது தொட்டது யார். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

2018 பிப்ரவரியில் சில வரிகளில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அந்தத் திருத்தம் பல போன்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2019 செப்டம்பரில் கூகுளின் மேடி ஸ்டோன் அதே ஓட்டையை மறுபடி கண்டுபிடித்தார். அதை வைத்துப் போன்களைத் தாக்குகிறார்கள் என்ற தகவலும் வந்திருந்தது. அவர் தந்த பட்டியலில் நம் ஊரில் பலர் கையிலிருந்த ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5 எல்லாம் இருந்தன. கூகுளின் சொந்த பிக்ஸல் 2 கூட! மருந்து தயாராகி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியும் நோயாளிக்குக் கொடுக்கவில்லை. எனக்கு இதுதான் ஆற்றாமை.

ஆகவே வாசகிக்கு: தம்பியின் போனில் செட்டிங்ஸ் போய், ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்ற இடத்தில் தேதி பாருங்கள். அப்டேட் காத்திருந்தால் வைஃபை உள்ள இடத்தில், சார்ஜ் போட்டு ஏற்றிவிடுங்கள். கம்பெனி அப்டேட் தருவதையே நிறுத்திவிட்டதென்றால், அந்தப் போனில் பணம் அனுப்பும் ஆப் வேண்டாம். கடலுக்குக் கிளம்பும் அதிகாலையில் மட்டும் அப்டேட்டை ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு வானிலை பார்க்கப் போன் வேண்டும்.