இருவர் செல்லும் செலவு

தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் பிரயாணம் என்பதாம். ‘செல்’ என்னும் வினையடியினின்று அது பிறந்தது. இக்கால வழக்கிலோ அச்சொல் கையினின்று பணம் செல்லுதலையே குறிக்கின்றது. நம் குடும்பங்களிற் பிரயாணப் பேச்சு எழுந்தவுடன் இப்பிற்பொருளே முன்வந்து நின்று முற்பொருளை மறைத்துவிடுகின்றது. மனைவியை உடனழைத்துச் செல்லும் விஷயத்திலோ அம்மறைப்பு இருமடங்காகின்றது. கணவனும் மனைவியும் உள்நாடும் வெளிநாடும் காணவென்றே ஒருங்கு புறப்படுதல் செல்வர்க்கு மட்டும் உரிய விநோதமன்று, இல்லறக் கடமைகளுள் ஒன்று என்பதும், அதனை முதுமைக்கென ஒத்திவைத்தல் பெரும்பிழை என்பதுமே யான் இங்கு எடுத்துரைக்க விழையும் கருத்துக்கள்.

நம் பழைய நூல்கள் இவ்விஷயத்தில் கூறுவதை முதற்கண் நோக்குவோம். கடற்பிரயாணத்தில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் விதி. சிலப்பதிகாரத்திற் கண்ணகி புகாரினின்று சிறிது தொலைவு நடந்த அளவிலேயே தளர்ந்து, மதுரை எதுவெனக் கணவனை வினவுகின்றாள். அந்நகரம் இன்னும் முப்பது காதத்திற்கு அப்பாலிருப்பதை அவள் அறியாள். பன்னாட்டுப் பண்டங்களும் வந்து குவிந்த துறைமுகப் பட்டினத்துப் பெருவணிகன் மகள், தன் நாட்டு வழிதானும் அறியாதிருந்தாள்! அவள் கணவனோடு நெடுவழி நடந்ததும் பொருளனைத்தும் இழந்த பின்னரேயன்றோ? இன்பத்திற்காக அவ்விருவரும் முன்னரே நாடு கண்டிருப்பின் அவ்வினா எழுந்திராது என்று யான் பலமுறை எண்ணியதுண்டு.

அது பண்டைக்கதை என்று தள்ளுவோர் தத்தம் இல்லங்களையே சற்று உற்றுநோக்குவாராக. பிறர் இல்லத்தை யான் ஏன் சுட்டவேண்டும்? என் குற்றத்தையே கூறிவிடுகின்றேன். இக்கல்லூரியினின்று நீங்கியபின், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் முப்பதாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் யான். பகலும் இரவும் மாறிவரும் முறைவேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உறக்கம். இடையில் ஒருமுறை, புதிய இயந்திரமொன்றைப் பழகும் பொருட்டு மூன்று வாரம் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டேன். திரும்பிவந்து, அங்கு எடுத்த படங்களை உறவினர்க்கெல்லாம் பெருமிதத்தோடு காட்டினேன். என் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபின் மெல்லக் கேட்டாள்: “இவ்வளவு தூரம் போய்வந்தீர்களே, இங்கிருக்கிற பழவேற்காட்டுக்கு என்னை ஒருநாளாவது கூட்டிப்போனதுண்டா?”

விடைகூற வாயில்லாது நின்றேன். குழந்தைக்கு முடியிறக்கத் திருத்தணி. அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயில். கலியாணத்திற்கும் இழவிற்கும் உறவினர் ஊர். நோய்க்குச் சென்னை மருத்துவமனை. அவள் அதுகாறும் கண்ட உலகம் இவ்வளவே. அவற்றுள் ஒன்றேனும் அவள் பார்க்கவேண்டுமென்று தானே விரும்பிப் புறப்பட்டதன்று. அவ்வினாவிற்குப் பின்னும் யான் உடனே விழித்துக்கொண்டேனல்லேன். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன், மகள் விவாகம் என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையிட்டு நின்றன. ஓய்வுபெற்ற ஆண்டின் தை மாதத்திலேதான் பழவேற்காட்டுப் பிரயாணம் கைகூடிற்று.

மின்சார ரயிலிற் பொன்னேரி வரையும், அங்கிருந்து பஸ்ஸிலுமாகச் சென்றோம். காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பத்தக்க தொலைவே அது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுட் சில்காவிற்கு அடுத்துப் பெரியதான அவ்வேரியில் பூநாரைகள் கூட்டமாய் நின்றன. ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டிற் கட்டி, தம் தாய்நாட்டு மாகாணமொன்றின் நினைவாகக் கெல்டிரியா எனப் பெயரிட்ட கோட்டை இன்று செடிகொடி மூடிய மேடாய்க் கிடக்கின்றது. சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு 1690 வரை தலைமையிடமாய் விளங்கியது அவ்விடமே. வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட அவர்தம் கல்லறைத் தோட்டத்தில் என் மனைவி நெடுநேரம் நின்றாள். கல்லில் வெட்டிய அயல்மொழி எழுத்துக்களை விரலாற் றடவியவாறே, “இவர்கள் ஊரிலிருந்து இங்கே வர எத்தனை நாள் ஆகியிருக்கும்?” என்றாள். பாய்மரக் கப்பலிற் பல மாதம் என்றேன். “அத்தனை மாதம் வந்தவர்களும் உண்டு, ஒருநாள் வராதவர்களும் உண்டு” என்று கூறி நகைத்தாள். அந்நகைப்பில் வருத்தம் இல்லை. என் நெஞ்சிலோ அது தைத்தது.

அதன்பின் பூண்டிக்குச் சென்றோம். சென்னையின் குடிநீருக்கென 1944இற் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்தையும், தொல்பழங்காலக் கற்கருவிகள் வைத்துள்ள காட்சிச்சாலையையும் கண்டோம். அவ்வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூல் அறிஞர் அத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தார்; அங்குக் கிடைத்தவற்றுட் சில ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என்று 2011இல் வெளியான ஆராய்ச்சி கணித்தது. ஆதிமனிதர் உறைந்ததாகக் கூறும் குடியம் குகையையும் காணவேண்டுமென்று அவளே கேட்டாள். காட்டினூடே கல்லும் முள்ளுமான வழியில் நெடுந்தூரம் நடக்கவேண்டும். சிறிது தொலைவிலேயே அவள் முழங்கால் இடங்கொடாதாயிற்று. மரநிழலில் அமர்ந்து, “நீங்கள் போய்வாருங்கள்; நான் இங்கேயே இருக்கிறேன்” என்றாள். முப்பதாண்டு அவள் வாயிற்படியில் நின்று எனக்குக் கூறிய சொல்லும் அதுவே. யான் குகைக்குச் செல்லவில்லை. இருவரும் திரும்பினோம். பத்தாண்டு முன்னரே வந்திருப்பின் அக்குகையை இருவரும் கண்டிருப்போம்.

பொருளில்லையே என்பார்க்குக் கொச்சி நகரத்துத் தேநீர்க்கடைக்காரர் விஜயனும் அவர்தம் மனைவி மோகனாவும் விடையாவர். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்னும் சிறுகடை ஒன்றே அவர்க்கு வாழ்வு. நாள்தோறும் 300 ரூபாய் எடுத்துவைத்து, குறைந்த தொகைக்கு வங்கியிற் கடன்பெற்று, போய்வந்தபின் உழைத்து அக்கடனைத் தீர்த்து, மீண்டும் புறப்படுவது அவர் வழக்கம். 2007இல் முதன்முறை கடல் கடந்த அவ்விருவரும் 26 நாடுகளைக் கண்டனர். 2021 அக்டோபரில் உருசியா சென்று மீண்டனர். அடுத்த திங்களிலேயே விஜயன் காலமானார். அவர் ஓய்வுக்காலம் வரட்டுமெனக் காத்திருந்திருப்பின் அவ்விருபத்தாறு நாடுகளும் வெறும் பெயர்களாகவே நின்றிருக்கும்.

கடன்பட்டு ஊர்சுற்றுதல் தகுமோ என்பார் உளர். தீர்க்கவியலாத கடன் எதற்கும் தகாது என்பதே என் துணிபு. எனினும் ஒருநாட் கலியாணப் பந்தலுக்குப் பல ஆண்டுச் சேமிப்பைக் கரைக்கும் நம் சமூகம், மனைவியின் ஒருநாட் பிரயாணத்திற்கு மட்டும் சிக்கனம் பேசுதல் நேர்மையன்று. இன்னும் சிலர், பத்து நாளில் எட்டு நாடு காட்டும் கூட்டப் பிரயாணங்களைச் சுட்டி, வண்டிக்குள் உறங்கி வாயிலிற் படமெடுத்து வருவதாற் பயன் யாதென்பர். இவ்வாட்சேபம் பொருத்தமானதே. ஆனால் அது பிரயாணத்தின் குற்றமன்று, அவசரத்தின் குற்றம். அருகிலுள்ளதை அமைதியாகக் காணப் பழகியவர் தொலைவிலுள்ளதையும் அங்ஙனமே காண்பர். ஆதலின் உள்நாடு முன்னும் வெளிநாடு பின்னுமாகத் தொடங்குதலே முறை. வெளிநாடு கைகூடாதொழியினும், உள்நாடு காணாதிருக்கக் காரணமேதும் இல்லை.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. செல்லுமிடத்தை யார் தேர்வது? ஆடவன் குறித்த ஊருக்கு, ஆடவன் குறித்த நாளில், உணவுப்பொட்டலம் கட்டிக்கொண்டு மனைவி பின்செல்வாளாயின், அடுக்களை இடம்பெயர்ந்ததேயன்றி அவள் பிரயாணம் செய்தாளல்லள். பழவேற்காடு என் மனைவியின் விருப்பம். அதனாலேயே அவள் வினவினாள், நின்றாள், நகைத்தாள். முப்பதாண்டு உடன் வாழ்ந்தும் யான் அறியாதிருந்த ஓர் அறிவாளியை அக்கல்லறைத் தோட்டத்திலே கண்டேன்.

பழைய மாணவராகிய நண்பர்களே, ஆண்டுதோறும் நாம் இக்கல்லூரியில் ஒன்றுகூடுகையில் நம் இல்லத்தாரை வீட்டில் விட்டுத் தனித்தே வருகின்றோம். வரும் ஆண்டேனும் அவர்களும் உடன்வருவாராக. மாணவச் செல்வங்களே, நீங்கள் முதற்சம்பளம் பெறுநாளில் தந்தைக்கு வேட்டியும் தாய்க்குப் புடைவையும் வாங்குவீர்கள். அது நல்ல வழக்கமே. அதனோடு அவ்விருவரையும் ஒருநாள் ஓர் ஊருக்கு அனுப்பிவையுங்கள். எவ்வூரென்று தாயையே கேளுங்கள். “எனக்கென்ன, நான் இங்கேயே இருக்கிறேன்” என்று அவர் முதலிற் கூறுவார். அச்சொல்லை விடையாகக் கொள்ளாது, மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.