பாடக்குறிப்பேட்டில் இல்லாத கட்டம்

தில்லியின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் 42 − 17 என்ற கணக்கு. பிள்ளைகளில் பலர் எழுதிய விடை 35. பாடம் நடத்துபவர் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாமாண்டு மாணவி. கடன் வாங்கிக் கழித்தலுக்காக முந்தைய இரவு எட்டுப் பக்கம் பாடக்குறிப்பு எழுதியிருந்தார். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையமிட்டுக் கொண்டுவந்திருந்தார். பாடவேளை முடிந்தபோதும் பலருடைய விடை 35 ஆகவே இருந்தது. அன்று மாலை குறிப்பேட்டின் இறுதிக் கட்டத்தில் அவர் எழுதினார்: 'நோக்கங்கள் எய்தப்பட்டன. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.'

இந்த வாக்கியத்தை ஒருமுறையேனும் எழுதாமல் ஆசிரியர் பயிற்சியை முடித்தவர்கள் அரிது. இதை ஒரு மாணவியின் நேர்மைக் குறைவாகக் கருதுவது எளிது. ஆனால் பிழையான வாசிப்பு. குறிப்பேட்டில் பொது நோக்கம், சிறப்பு நோக்கம், துணைக்கருவி, முன்னறிவு, வளர்நிலை, மதிப்பீடு, வீட்டுப்பாடம் ஆகிய அனைத்துக்கும் இடம் உண்டு. பாடம் நடவாமற்போனால் அதை எழுத இடம் இல்லை. தோல்விக்கு மதிப்பெண்ணும் இல்லை.

அந்த 35-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது கவனக்குறைவினால் வந்த விடையாயின், பத்துப் பேர் பத்து விதமாகத் தவறியிருப்பர். இங்கே எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றியிருக்கின்றனர்: ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழி. ஏழிலிருந்து இரண்டு, ஐந்து. நான்கிலிருந்து ஒன்று, மூன்று. முதல் இரு வகுப்புகளில் 'சிறியதிலிருந்து பெரியது போகாது' என்று பள்ளி சொல்லித் தந்த விதியைப் பிள்ளைகள் விசுவாசமாகக் காப்பாற்றியிருக்கின்றனர், அவ்வளவே. இத்துடன் மொழியும் சேர்கிறது. தமிழில் 'நாற்பத்திரண்டு' என்னும்போது நாற்பதும் இரண்டும் தனித்தனியே செவியில் விழுகின்றன. இந்தியின் 'பயாலீஸ்' என்னும் சொல்லில் இரண்டு முன்னே வந்து நாற்பதோடு உருத்தெரியாமல் கரைந்துவிடுகிறது. 29-க்குரிய 'உன்தீஸ்' முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள்படுகிறது. பத்துகளும் ஒன்றுகளும் சொல்லிலேயே பிரிந்து நில்லாத மொழியில் இடமதிப்பைக் கற்பிப்பதற்குத் தனியான திறம் வேண்டும். (பெரும்பாலான கற்பித்தல் முறை நூல்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.)

இன்னொரு சிக்கலும் உண்டு. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறாரிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. விற்பனையின்போது மனத்திலேயே கடினமான கணக்குகளைப் போடும் அச்சிறார், பாடநூல் வடிவில் கணக்கு வந்தபோது தடுமாறினர். சந்தைக் கணிதத்தில் பள்ளிப் பிள்ளைகளும் அவ்வாறே தடுமாறினர். இவ்விரு கணிதங்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அன்றாடம் நேருக்கு நேர் காண்பவர் பயிற்சி ஆசிரியர். அவர் கண்டதைப் பதியுமாறு கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கொள்கை அளவில் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் கல்விக்கான 2009-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், தன் செயலைத் தானே ஆராயும் ஆசிரியரை முன்வைத்தது. நீதியரசர் வர்மா ஆணையம் 2012-இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின, பள்ளிப் பயிற்சியை 20 வாரங்களாக நீட்டின. சிந்தனை நாட்குறிப்பும் கட்டாயமாயிற்று. பல நிறுவனங்களில் நடந்தது என்ன? அந்த நாட்குறிப்பும் மதிப்பெண்ணுக்குரிய மற்றோர் ஏடாகி, வண்ணப் பேனாவால் அடிக்கோடிடப்பட்டு, சென்ற ஆண்டு மாணவியின் ஏட்டைப் பார்த்து எழுதப்படுகிறது. வாரங்கள் கூடின; ஏடுகள் கூடின. வகுப்பின் கடைசி வரிசையில் வந்தமர்ந்து ஒரு முழுப் பாடவேளையையும் பார்க்கும் மேற்பார்வையாளரின் வருகை மட்டும் கூடவில்லை.

பேராசிரியர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பல பள்ளிகளில் பரவிக் கிடக்கும் பயிற்சி மாணவர்களை ஒருவர் தொடர்ந்து பார்ப்பது நடவாத காரியம். அதனால் ஏடு சாட்சியாகிறது. பள்ளிகளோ பயிற்சி மாணவர் வந்தவுடன் வகுப்பை அவர்களிடம் விட்டுவிட்டுப் பதிவேடுகளையும் கணக்கெடுப்புகளையும் முடிக்க முனைகின்றன. ஆட்பற்றாக்குறையுள்ள பள்ளியைக் குறை கூறிப் பயனில்லை. எனினும் சாட்சியாக வைக்கப்படும் ஏடு உண்மை பேசினால் தண்டிக்கப்படும் என்னும் நிலை ஆட்பற்றாக்குறையால் வந்ததன்று. அதை ஒரு துறைக் கூட்டத்திலேயே மாற்றிவிடலாம். எட்டுப் பக்கத்தை இரண்டாகக் குறைக்கலாம். ஒரு பிள்ளையின் ஒரு தவறான விடை, அது எப்படி வந்தது என்று அப்பிள்ளை சொன்ன விளக்கம், இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை மீண்டும் எடுத்த விதம் ஆகிய மூன்றுக்கும் பெரும்பகுதி மதிப்பெண்ணை ஒதுக்கலாம். முதல் முறை சரியாக நடந்த பாடத்துக்குக் குறைவாகவே கிடைக்கட்டும்.

கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படுகிறது. அதில் வரும் ஆசிரியர் லட்சுமிராம், நான்காம் வகுப்பில் முதல் நாள் அமைதி விளையாட்டை நடத்த முயல்கிறார்; பிள்ளைகள் கூச்சலிடுகின்றனர்; திட்டம் சிதறி அவர்களை வீட்டுக்கு அனுப்ப நேர்கிறது. நூலின் மற்றெல்லாமும் அந்தத் தோல்வியிலிருந்தே தொடங்குகின்றன. நம் குறிப்பேடு லட்சுமிராமின் கையில் இருந்திருந்தால் அந்த நாளுக்கும் 'நோக்கங்கள் எய்தப்பட்டன' என்றே எழுதியிருப்பார்.

பி.எட். பட்டம் தொடக்க வகுப்புகளுக்குரிய தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனித் திறம் என்பது அதன் உட்பொருள். அத்திறத்தை வளர்க்கும் பொறுப்பு இனி தொடக்கக் கல்விக்கென்றே உள்ள படிப்புகளைச் சேர்ந்தது. அவற்றின் ஏடுகளையும் சேர்ந்தது.

தில்லி மாணவி சில நாள் கழித்து, 35 என்று எழுதிய சிறுவன் ஒருவனின் அருகே அமர்ந்து காரணம் கேட்டார். "ஏழுதானே பெரிசு மேடம்? அதிலிருந்துதான் ரெண்டு போகும்" என்றான் அவன். நாற்பத்திரண்டு ரூபாய் கொண்டுபோய்ப் பதினேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்றார். "இருபத்தஞ்சு." யோசிக்கவே இல்லை. பிறகு நோட்டைத் திறந்து அதே கணக்கை எழுதச் சொன்னார். மறுபடியும் 35 வந்தது. இரண்டு விடைகளும் மோதுவதாக அவனுக்குத் தோன்றவில்லை. பயிற்சிக் காலம் முழுவதிலும் அவர் கற்ற மிகப் பெரிய செய்தி இதுவாகவே இருக்கும். பேருந்தில் திரும்பும்போது அதை ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார். குறிப்பேடு அதற்குள் கையொப்பத்துக்குப் போய்விட்டிருந்தது.