கூடங்குளமும் நம் ஊர் நர்சுகளும்

நாகர்கோவிலிலிருந்து பாசஞ்சர் வண்டி திருவனந்தபுரம் சென்ட்ரலில் வந்து நின்றால், இறங்கும் கூட்டத்தில் நம்மவர்கள் ஏராளம். கட்டட வேலைக்கு, சாலைக் கடைத்தெருவுக்கு, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு என்று வருகிறவர்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்லத் தோன்றுகிறது.

கூடங்குளம் அணுமின் நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்கும் குறைவு. முதல் உலை 2013 அக்டோபரில் மின்சாரம் தரத் தொடங்கியது. விபத்துக் காலத் திட்டத்துக்கு வகுத்த எல்லை 16 கிலோமீட்டர். 2012 ஜூனில் நக்கனேரி கிராமத்தில் ஒத்திகையும் நடந்தது. நல்லதுதான். ஆனால் பயந்த ஜனங்கள் 16-வது கிலோமீட்டரில் நிற்பார்களா? ரயில் ஏறுவார்கள். வலியசாலையில் மாமன், மச்சான் வீடு இருக்கிறதே!

பிரேசில் நாட்டில் கோயானியா நகரில் 1987-ல் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவி ஒன்றை உடைத்ததால் சீசியம்-137 பரவியது. இறந்தவர்கள் 4 பேர். கதிரியக்கப் பொருள் பட்டிருந்தவர்கள் 249 பேர். பரிசோதனைக்கு வந்தவர்களோ சுமார் 1,12,000 பேர்!

அத்தனை பயத்தையும் ஆஸ்பத்திரி வாசலில் எதிர்கொள்பவர் நர்சு. டாக்டருக்கு முன்பே நோயாளியைத் தொடுபவரும் அவரே. 2018-ல் நிபா நோயாளியைக் கவனித்துத் தன் உயிரையே விட்ட பேராம்பிரா நர்சு லினியை இங்கு யார் மறப்பார்?

எங்கள் தெருவில் ஒரு நர்சு இருக்கிறார். "அக்கா, கதிரியக்கம் பட்டவர் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "தம்பி, இத்தனை வருட சர்வீசில் அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஓடிவிட முடியுமா? தொட்டால் நமக்கும் வருமோ என்று பயமாகத்தான் இருக்கும்" என்றார்.

அந்தப் பயம் போக ஒருநாள் பயிற்சி போதும். கதிர் மட்டும் பாய்ந்தவர் எக்ஸ்ரே எடுத்தவரைப் போல. அவரிடமிருந்து பிறருக்கு வராது. கதிரியக்கத் தூசி ஒட்டியவரானால், உடையைக் கழற்றிப் பையில் கட்டினாலே பெரும்பகுதி போய்விடும். பிறகு சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். தோல் உரியத் தேய்க்கக் கூடாது. ரத்தம் கொட்டினால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டுமே காக்கும், அதுவும் நேரத்தோடு கொடுத்தால்.

ஜப்பானில் 2011 புகுஷிமா விபத்தின்போது, ஃபுடாபா ஆஸ்பத்திரியிலும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களை வெளியேற்றியபோது 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கதிர்வீச்சால் அல்ல. படுத்த படுக்கையாக இருந்தவர்களைப் போதிய கவனிப்பின்றி, மணிக்கணக்கில் பஸ்ஸில் கொண்டுபோனதால். பக்கத்தில் ஒரு நர்சு இருப்பதன் அருமை அங்கே தெரிந்தது.

ஒத்திகை இனி நம் ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளிலும், ரயில் நிலையத்திலும் நடக்கட்டும். கற்றுத்தர ஆள் தேடி அலைய வேண்டாம். 1981 முதல் இங்கேயே ரீஜனல் கேன்சர் சென்டர் இருக்கிறது, கதிர்வீச்சோடு தினமும் பழகுகிறவர்கள் அங்கே உண்டு. வந்து இறங்குகிறவர்களுக்கு மலையாளம் ஓடாது. ஆகையால் நர்சு கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலும் ஓர் அட்டையில் அச்சடித்து, கேஷுவால்டியில் இப்போதே தொங்கவிடலாம்.