பஞ்சமி நிலமும் ஆவணம் வாசிக்கும் கணினியும்

பஞ்சமி நில மீட்பு வழக்குகளில் நாம் முதலில் புரட்டுவது பழைய ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தை. 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒப்படைக்கப்பட்ட நிலமா என்பதற்கான தடயம் பல வேளைகளில் அங்கேதான் கிடைக்கிறது. பதிவேடுகளையும் கிரயப் பத்திரங்களையும் கணினியே படித்து வகைப்படுத்தாதா என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள்.

வகைப்படுத்தும். ஆவணக் குவியலிலிருந்து கருப்பொருள்களைப் பிரிக்கும் முறைகளுள் பெயர்பெற்றது, பிளை, இங், ஜோர்டன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட எல்.டி.ஏ. எந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன என்று அது கணக்கிடும். சொல் வரிசையைப் பொருட்படுத்தாது. வேர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வேற்றுமை உருபுகளை முன்கூட்டியே வெட்டிவிட்டால், ‘ஆதிதிராவிடர் விற்றது’, ‘ஆதிதிராவிடருக்கு விற்றது’ இரண்டும் அதற்கு ஒன்றே. பத்தாண்டுகளுக்குப் பிறகும் இந்நிலத்தைப் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. நம் வழக்கே அந்தக் ‘கு’வில் அல்லவா நிற்கிறது!

ஆவணத்தில் ஏறாத சாட்சியமும் உண்டு. திரையைச் சுட்டிக்காட்டி, ‘அதை அங்கே வை’ என்று சொன்னால் புரிந்துகொள்ளும் அமைப்பை எம்.ஐ.டி.யில் ரிச்சர்டு போல்ட் 1980இலேயே செய்துகாட்டினார். பேச்சும் சைகையும் கலந்த இவ்வகை இடைமுகங்கள் பின்னர் ராணுவ வரைபடங்களுக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் சென்றன. ‘அந்தப் பனைக்குத் தெற்கே, ஓடை வரைக்கும்’ என்று கைநீட்டும் நம் மூதாட்டியிடமோ அரசின் இணையச் சேவை புல எண்ணைக் கேட்கிறது.

அவரை வரைபடத்தின் முன் அமர்த்தும் கருவியை மாணவர்கள் உருவாக்கட்டும். அதுவரை, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ்ப் பழைய ‘அ’ பதிவேட்டின் சான்றிட்ட நகல்களை ஊர்வாரியாகக் கேட்டு வாங்குவோம்.