பச்சை ஈரலும் வேண்டாம், வெந்த எலும்பும் வேண்டாம்

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என நீளும் தொழிற்சாலைப் பகுதியில் கறிக்கடை மிச்சமும் பிரியாணிக் கடை எலும்பும் தெருநாய்களுக்குப் போவதைப் பலரும் புண்ணியமாகவே கருதுகிறார்கள். தெருநாய்களுக்குக் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, அதற்கென உள்ளாட்சி அமைப்புகள் இடம் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று கூறியது. எங்கே போடுவது என்பதில் காட்டும் அக்கறையை எதைப் போடுவது என்பதிலும் காட்ட வேண்டும். ஏனென்றால் தவறான இறைச்சி நாயை மட்டுமல்ல, மனிதரையும் நோயில் தள்ளும்.

முதலில் ஈரலையும் நுரையீரலையும் எடுத்துக்கொள்வோம். எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் ஆடு, மாடுகளின் இந்த உறுப்புகளில்தான் நீர்க்கட்டியாக வளர்கிறது. கட்டியுள்ள உறுப்பை நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் புழு முதிர்ந்து, மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாகவோ, கழுவாத கீரை வழியாகவோ அவை மனித உடலுக்குள் புகுந்தால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகள் உருவாகும். பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் வளரும் அக்கட்டிகளை அகற்ற அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். கடைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய ஈரலே நாய்க்கு வீசப்படுகிறது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. கட்டி தெரியும் உறுப்பை யாரும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது, புதைத்துவிட வேண்டும். நல்ல ஈரலையும் அரை மணி நேரம் கொதிக்கவைத்த பிறகே கொடுக்க வேண்டும். பச்சைக் கோழி இறைச்சியில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் அதற்கும் இதே விதிதான்.

எலும்பின் கதை நேர்மாறானது. வெந்த எலும்பு ஈரப்பசையை இழந்து, கடிக்கும்போது கூரான சில்லுகளாக உடைகிறது. அது தொண்டையில் சிக்கலாம், குடலையும் கிழிக்கலாம். பிரியாணி எலும்போடு வரும் வெங்காயம், பூண்டு மசாலா நாயின் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது. பச்சை எலும்பு அவ்வாறு எளிதில் சிதறாது என்றாலும் மாட்டுக் கால் எலும்பு போன்றவை பல்லை உடைக்கும்; கிருமி ஆபத்தும் நீங்காது. ஆகவே தெருநாய்க்கு எலும்பே வேண்டாம். எலும்பில்லாத கறி மட்டுமே உண்ணும் வீட்டு நாய்க்குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு வளையலாம். அதை ஈடுகட்ட கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி மாற்றுச் சத்து கொடுக்கலாம்.

ஓநாய் பச்சையாகத்தானே தின்கிறது என்பார்கள். அந்த ஓநாயின் குடலிலும் இதே நாடாப்புழு வாழ்கிறது. காட்டில் இயல்பாக நடப்பதெல்லாம் ஊருக்குள் பாதுகாப்பானதாகிவிடாது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதர் சோற்றோடு வாழப் பழகிய விலங்கு நாய். வேகவைக்க நேரமும் எரிவாயுவும் ஆகும் என்பது உண்மைதான். நாள்தோறும் ஒரே பாத்திரத்தில் மொத்தமாகக் கொதிக்கவைத்துச் சோற்றோடு பிசைந்தால் செலவு பெரிதாகாது.

கறிக்கடைக்காரர்கள் உறுப்புக் கழிவைத் தெருவில் கொட்டாமல் மூடிய தொட்டியில் சேர்க்க வேண்டும். உள்ளாட்சி நிர்வாகம் அதைத் தவறாமல் அள்ள வேண்டும். உணவிடும் இடங்களில் நாய்களுக்குக் குடற்புழு மருந்தும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கிடைக்கச் செய்ய வேண்டும். நாய்க்கு உணவிடும் அன்பர்களே, கறி கொடுப்பதானால் வேகவைத்த, எலும்பில்லாத கறியை மட்டும் கொடுங்கள்.